இரண்டாம் கடவு எண்

பின்னிரவு இரண்டு பதினேழு.
குரெஸ்ஸாரே மருத்துவமனை, மூன்றாம் தளம்.
வெளியே பனி பெய்யவில்லை,
பெய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.
நான் அண்ணனின் பெயரைத் தட்டினேன்.

ஹெல்துர்.
பதினோரு ஆண்டுகளாக வாயில் வராத பெயர்
விரல் நுனியில் பிழையின்றி வந்தது.

ஒரு படகை விற்றோம், கணக்கு இடித்தது.
அவ்வளவுதான்.
பெரிய சண்டைக்குப் பெரிய காரணம் வேண்டும் என்பவர்கள்
தீவில் குடியிருந்ததில்லை.

தார்த்துவில் சேர்த்திருக்கிறார்கள் என்று
படகுத்துறையில் டிக்கெட் கிழிப்பவர்
என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.
மூளையில் ரத்த அடைப்பு.
வலது கை வரவில்லை. பேச்சு பாதி.
படித்தேன். மூடினேன்.
நாற்பத்தொரு நொடி.

அது என் கணக்கு அல்ல,
ஏட்டின் கணக்கு.

பயிற்சி வகுப்பில் கிர்சி சொல்லியிருந்தாள்:
சங்கிலிக்குள் நோய் இருக்காது,
நோயின் கைரேகைதான் இருக்கும்.
ஒரு காற்புள்ளியை நகர்த்தினாலும்
ரேகை பொருந்தாது, பிடிபட்டுவிடும்.
அறைக்குள் என்ன இருக்கிறதென்று அதற்குத் தெரியாது,
கதவைத் திறந்தது யாரென்று மறக்கவும் தெரியாது.
அமைச்சரே வந்தாலும் ஒரு வரியை அழிக்க முடியாது.

பின்வரிசையிலிருந்து ஆவோ கேட்டான்:
கடவுள் வந்தால்?
அவரும் காரணம் எழுதிவிட்டுத்தான் பார்க்கவேண்டும்.

எல்லோரும் சிரித்தோம்.
நான் கொஞ்சம் அதிகமாகவே.
ஏனென்றால்
அதற்கு மூன்று வருடம் முன்பு
கலைந்துபோன என் கருவை
வரவேற்பு மேசைக்காரி ஒருத்தி திறந்து பார்த்து
ரொட்டிக்கடை வரிசையில் பரிமாறியபோது
இந்தச் சங்கிலிதான் அவள் பெயரைச் சொன்னது,
தேதியோடு, நிமிடத்தோடு.
அன்று அதன் கண்ணிகளை
ஒவ்வொன்றாய் முத்தமிட்டிருப்பேன்.

இப்போது ஒரு கண்ணியில் நான்.

எட்டாம் நாள் கடிதம் வந்தது.
நோயாளி விளக்கம் கேட்கிறார்.
உங்கள் பெயர்: ஊர்வே தாம்.
திறந்த நேரம்: 02.17.
காரணம்?

கீழே இறங்கும் பட்டியல்:
சிகிச்சை. ஆலோசனை. அவசரம். ஆய்வு. பிற.

தான் ஆடாவிட்டாலும் சதை ஆடும்.
அதை எந்த வரியில் சொடுக்குவது?

‘பிற’வைத் தேர்ந்தேன்.
விவரம் எழுதுக என்றது.
வேலைக்கு வந்த நாளிலிருந்து
இவ்வளவு நேரம் ஒரு கட்டத்தின் முன் உட்கார்ந்ததில்லை.
தங்கை, என்று எழுதினேன்.

இது உறவு, காரணம் இல்லை
என்றாள் கிர்சி.
அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் சுட்டது.
எழுத்தில் ஓர் எச்சரிக்கை.
மறுபடி ஒரு பயிற்சி வகுப்பு, அதே பின்வரிசை.

நியாயம்தான்.
ரொட்டிக்கடைக்காரியும் அன்று
பாவம் என்றுதான் பார்த்தேன் என்றாள்.
அவள் பாவத்துக்கும் என் பாசத்துக்கும்
சங்கிலியில் ஒரே அகலம்.

அவன் கேட்டது என்னையா,
யாரோ ஒரு செவிலியையா?
அவன் மனைவி கேட்டிருக்கலாம்.
வக்கீல் கேட்டிருக்கலாம்.
பதினோரு ஆண்டில் எங்களுக்குள் நடந்த ஒரே பேச்சு
ஒரு கேள்வி, ஒரு சொல்.

பதில் நவம்பர் ஒன்பதில் வந்தது.

உங்களுக்கு இந்த நோயாளியின் ஏடு மூடப்பட்டது.
மூடியவர்: நோயாளி.
நேரம்: காலை 06.40.
ஒப்பம்: இரண்டாம் கடவு எண், முதல் முயற்சியில்.

சாப்பாட்டு அறையில் நின்றபடி படித்தேன்.
காபி இயந்திரம் இருமிக்கொண்டிருந்தது.

காலை ஆறு நாற்பதுக்கு
அவன் விழித்திருக்கிறான்.
அட்டை எங்கே என்று தெரிந்திருக்கிறது.
என் பெயரைத் தேடி எடுத்திருக்கிறான்,
என் பெயரை வாசிக்க முடிந்திருக்கிறது.
ஐந்து இலக்கம்,
ஒன்றும் தவறவில்லை.

எந்தக் கையால் என்று சங்கிலி சொல்லவில்லை.

மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.
வார்டு நான்கில் மணி அடித்தது, போனேன், வந்தேன்.
மறுபடி எடுத்துப் படித்தேன்.

இதைப் படிக்க
எனக்கு அனுமதி உண்டு.